1024 அடுக்கறைகளும் நோஎஸ்க்யூஎல் பாடமும்

நோஎஸ்க்யூஎல் தரவுத்தளங்கள் இன்று பெரும்பாலான கல்லூரிகளில் கற்பிக்கப்படும் முறை மாணவருக்கு எதையும் கற்பிப்பதில்லை. கடுமையான கூற்றுத்தான், ஆனால் பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் ஆய்வகக் குறிப்பேட்டையும் அருகருகே வைத்துப் படிப்பவர் வேறு முடிவுக்கு வர இயலாது. முதல் அலகில், உறவுநிலைத் தரவுத்தளம் பெருந்தரவைத் தாங்காது என்று ஒரு வரி, சான்றின்றி. இரண்டாம் அலகில் நான்கு வகைகள்: சாவி-மதிப்பு, ஆவணம், நெடுவரிசைக் குடும்பம், வரைபு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டுப் பொருள்: ரெடிஸ், மோங்கோடிபி, கசாண்ட்ரா, நியோ4ஜே. மூன்றாம் அலகில் சிஏபி முக்கோணம். பிறகு ஆய்வகம். ஒரே மடிக்கணினியில் மோங்கோடிபியை நிறுவி, பத்து மாணவர் பதிவுகளை இட்டு, அவற்றைத் தேடி எடுத்து, திரைப்படம் பிடித்துக் குறிப்பேட்டில் ஒட்டினால் பயிற்சி முடிந்தது. பத்துப் பதிவுகளுக்கு எதற்கு நோஎஸ்க்யூஎல் என்று எந்த மாணவரும் கேட்பதில்லை. கேட்டால் மதிப்பெண் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும்.

இதன் பின்விளைவு நேர்முகத் தேர்வுகளில் வெளிப்படுகிறது. நான்கு வகைகளையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பட்டதாரியிடம், ஒரு மாநிலத்தின் மின்கட்டணப் பதிவுகளை இருபது கணினிகளில் எதைக் கொண்டு பிரிப்பீர்கள் என்று கேட்டால் அமைதி நிலவுகிறது. மாவட்டத்தைக் கொண்டா, நுகர்வோர் எண்ணைக் கொண்டா, மாதத்தைக் கொண்டா? ஒவ்வொரு தேர்வும் எந்தக் கேள்வியை எளிதாக்கும், எதை முடியாததாக்கும்? விரிவாகும் தரவு மேலாண்மை என்ற பாடத்தின் உயிர்நிலை இந்த ஒரு கேள்விதான். பாடத்திட்டத்தில் அது இல்லை.

குறைபாட்டின் வேர் வரலாற்றுப் பார்வையில் இருக்கிறது. பாடநூல்கள் இத்துறையின் பிறப்பை அமெரிக்காவின் மேற்குக் கரையில் வைக்கின்றன: 2006-இல் கூகுளின் பிக்டேபிள் கட்டுரை, 2007-இல் அமேசானின் டைனமோ கட்டுரை, 2009-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு கூட்டத்தின் வழியே பரவிய நோஎஸ்க்யூஎல் என்ற பெயர். இவை உண்மைகளே. ஆனால் பெயர் பிறந்த இடத்தைச் சிக்கல் பிறந்த இடமாகக் கொள்வது தவறு. சிக்கல் மிகப் பழையது: பதிவுகள் பெருகுகின்றன, ஒருவரால் எல்லாவற்றையும் புரட்டிப் பார்க்க இயலாது, தேடும்போது ஒரு சிறு பகுதியை மட்டும் திறந்தால் போதும் என்ற நிலை வேண்டும். அச்சிக்கலுக்கு மிக நேர்த்தியான தீர்வுகளுள் ஒன்று கல்கத்தாவில் உருவானது. 1897-இல், காகித அட்டைகளையும் மர அடுக்குகளையும் கொண்டு.

கல்லூரித் தெருவின் புத்தகக் கடைகளில் நோஎஸ்க்யூஎல் வழிகாட்டி நூல்கள் அடுக்கிக் கிடக்கும் நகரம் அது. சால்ட் லேக்கின் ஐந்தாம் செக்டாரில் மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த நகரம். அங்குள்ள மாணவரும், சென்னையிலும் கோவையிலும் உள்ள மாணவரைப் போலவே, பார்ட்டிஷன் கீ என்ற சொல்லை ஓர் அமெரிக்க நிறுவனத்தின் விளக்கப்படத்திலிருந்து கற்கிறார். தமது நகரின் ரைட்டர்ஸ் கட்டடத்தில் அதே கருத்து நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே வேலை செய்துகொண்டிருந்ததை அவருக்கு எவரும் சொல்வதில்லை.

நடந்தது இதுதான். 1891-இல் எட்வர்ட் ஹென்றி வங்காளக் காவல்துறையின் தலைமை ஆய்வாளரானார். குற்றவாளிகளை அடையாளம் காண அப்போது பிரெஞ்சுக்காரரான பெர்த்தியோனின் உடலளவு முறை கையாளப்பட்டது. தலையின் நீளம், கையின் நீளம், பாதத்தின் நீளம் எனப் பல அளவுகள். அளப்பவர் மாறினால் அளவும் மாறிற்று. கைரேகை மாறாது என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. வில்லியம் ஹெர்ஷெல் 1858-இலேயே ஹூக்ளி வட்டாரத்தில் ஓர் ஒப்பந்தத்தில் கைப்பதிவு வாங்கியிருந்தார். பிரான்சிஸ் கால்ட்டன் 1892-இல் கைரேகை குறித்து நூல் எழுதி, ரேகை வடிவங்களை வில், கண்ணி, சுழி என மூன்றாக வகுத்திருந்தார். எனினும் கால்ட்டனின் வகைப்பாடு சிறு தொகுப்புக்கே பொருந்திற்று. மனித விரல்களில் பெரும்பான்மை கண்ணி வடிவம். ஆகவே அட்டைகள் பெருகியதும் சில கட்டுகள் பருத்தன. பல வெறுமையாகக் கிடந்தன. ரேகையை ஒப்பிடும் அறிவியல் கையில் இருந்தது, ஒப்பிட வேண்டிய அட்டையைக் கண்டுபிடிக்கும் வழி இல்லை. தரவு இருந்தும் விரிவாக்கம் இல்லாத நிலை என்பது இதுவே.

ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய இரு துணை ஆய்வாளர்கள், காசி அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ், இதற்கு விடை கண்டனர். ஹக் கணிதம் பயின்றவர். அவர் வகுத்த வழியைப் பத்து நிமிடங்களில் எந்த மாணவருக்கும் கற்பிக்கலாம். வலக் கட்டைவிரல் முதல் வலச் சிறுவிரல் வரை ஒன்று முதல் ஐந்து. இடக் கட்டைவிரல் முதல் இடச் சிறுவிரல் வரை ஆறு முதல் பத்து. விரல்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஐந்து இணைகள். முதல் இணைக்கு 16, அடுத்தடுத்தவற்றுக்கு 8, 4, 2, 1 என மதிப்புகள். ஒரு விரலில் சுழி இருந்தால் அந்த இணையின் மதிப்பு அதற்கு உண்டு, இல்லையேல் சுழியம். இரட்டைப்படை விரல்களின் கூட்டுத்தொகையோடு ஒன்றைச் சேர்த்தால் மேலெண். ஒற்றைப்படை விரல்களின் கூட்டுத்தொகையோடு ஒன்றைச் சேர்த்தால் கீழெண்.

ஒருவருக்கு வலக் கட்டைவிரல், வல நடுவிரல், இடக் கட்டைவிரல், இடச் சுட்டுவிரல் ஆகிய நான்கில் சுழி உள்ளதெனக் கொள்வோம். விரல் எண்கள் 1, 3, 6, 7. இரட்டைப்படையில் ஆறாம் விரல் மட்டும்: மதிப்பு 4, ஒன்று கூட்ட 5. ஒற்றைப்படையில் 16, 8, 2: கூட்டுத்தொகை 26, ஒன்று கூட்ட 27. அவரது அட்டை 5/27 என்ற அடுக்கறைக்குச் செல்லும். மேலெண் 1 முதல் 32 வரை, கீழெண்ணும் அவ்வாறே. ஆகவே 32 வரிசை, 32 நிரல், மொத்தம் 1024 அடுக்கறைகள். அட்டை எத்தனை இலட்சமானாலும், புதிதாக வந்தவரின் விரல்களைப் பார்த்து எந்த அடுக்கறைக்குச் செல்வது என்று கணக்கிட ஆகும் நேரம் மாறாது.

கணினி அறிவியல் பயின்றவர் இங்கே நிமிர்ந்து உட்கார வேண்டும். பத்து விரல்கள், ஒவ்வொன்றும் ஆம் அல்லது இல்லை. இரண்டின் பத்தாம் அடுக்கு 1024. இது பத்து பிட் ஹேஷ். பதிவின் உள்ளடக்கத்திலிருந்தே இருப்பிடத்தைக் கணக்கிடும் முறை. பெயரை நம்பவில்லை, ஏனெனில் கைதானவர் பொய்ப்பெயர் சொல்வார். தேதியை நம்பவில்லை, ஏனெனில் முன்பு எப்போது பிடிபட்டார் என்பதுதான் கேள்வியே. மாற்ற முடியாத ஒன்றைச் சாவியாக்கினர். எதைச் சாவியாக்குவது என்ற பாடத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எந்த நிறுவனத்தின் பயிற்சிக் கையேட்டிலும் இல்லை.

இந்த எடுத்துக்காட்டின் பெருமதிப்பு அதன் வெற்றியில் மட்டும் இல்லை. அதன் தோல்விகளில்தான் பாடம் செறிந்திருக்கிறது. 1024 அடுக்கறைகளிலும் அட்டைகள் சமமாகப் பரவினால் ஒவ்வொன்றிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும். விரல்கள் அப்படி இல்லை. பத்து விரல்களிலும் சுழி இல்லாதவர்கள் அனைவரும் 1/1 என்ற ஒரே அறையில் குவிந்தனர். பெருந்தொகுப்புகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அட்டைகள் அந்த ஒற்றை அறையில் சேரும் என்பது கைரேகைத் துறையின் பொதுவான மதிப்பீடு. சமப் பரவலில் ஓர் அறைக்கு உரியதைப்போல் 256 மடங்கு. இன்னும் ஆயிரம் அறைகளைச் சேர்த்தாலும் அந்த ஓர் அறையின் சுமை குறையாது.

இன்றைய மொழியில் இதன் பெயர் ஹாட் பார்ட்டிஷன். அமேசானின் டைனமோடிபியில் ஒரு பிரிவு நொடிக்கு 1000 எழுதும் அலகுகளையும் 3000 படிக்கும் அலகுகளையும் மட்டுமே தாங்கும்; நிறுவனத்தின் ஆவணமே அப்படிச் சொல்கிறது. சாவியைத் தவறாகத் தேர்ந்தவர் எத்தனை கணினிகளுக்குப் பணம் கட்டினாலும், எல்லா எழுத்தும் ஒரே பிரிவில் விழுந்தால் அந்த எல்லைதான் அவருக்கு. ‘நோஎஸ்க்யூஎல் கிடைமட்டமாக விரிவடையும்’ என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிப் பழகிய மாணவருக்கு இந்த வாக்கியத்தில் ஒரு நிபந்தனை ஒளிந்திருப்பது தெரியாது. பரவல் சமமாக இருந்தால் மட்டுமே விரிவடையும். 1/1 அறையின் முன் நின்ற எழுத்தர் அதை ஒவ்வொரு நாளும் அறிந்திருப்பார்.

அவர்கள் கண்ட தீர்வும் பாடத்துக்குரியது. கனத்த அறைகளுக்குள் இரண்டாம் நிலை வகைப்பாடு ஏற்பட்டது: சுட்டுவிரல்களின் வடிவம், கண்ணிகளில் ரேகைகளின் எண்ணிக்கை, சுழிகளில் ரேகை உள்ளே செல்கிறதா, சந்திக்கிறதா, வெளியே செல்கிறதா என்னும் குறிப்பு. அதாவது கூட்டுச் சாவி. முதல் பகுதி எந்த அறை என்பதைச் சொல்லும். அடுத்த பகுதி அறைக்குள் எந்த இடம் என்பதைச் சொல்லும். கசாண்ட்ராவில் பார்ட்டிஷன் கீ, கிளஸ்டரிங் கீ என்று இரு சொற்களை மனப்பாடம் செய்யும் மாணவர், இரண்டும் ஏன் வேண்டும் என்பதை 1/1 அறையிலிருந்து கற்றால் மறக்க மாட்டார்.

இரண்டாவது தோல்வி இன்னும் ஆழமானது. அம்முறை ஒரே ஒரு கேள்விக்காகக் கட்டப்பட்டது: பத்து விரல்களும் கையில் உள்ள இம்மனிதர் முன்பே பதிவானவரா? அக்கேள்விக்கு விடை நிமிடங்களில் கிடைத்தது. ஆனால் குற்றம் நடந்த இடத்தில் பத்து விரல்களும் பதிவதில்லை. ஜல்பைகுரி மாவட்டத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேலாளர் கொல்லப்பட்ட வழக்கில் ஒரு வங்காளப் பஞ்சாங்கத்தின் மேல் ஒற்றைக் கட்டைவிரல் பதிவு கிடைத்தது. அது கல்கத்தா அலுவலகத்தில் இருந்த ஒரு முன்னாள் கைதியின் பதிவோடு பொருந்தியது. 1898-இல் திருட்டுக் குற்றத்துக்காக அவர் தண்டிக்கப்பட்டார். கொலைக் குற்றச்சாட்டு நிலைக்கவில்லை. கைரேகையின் வரலாற்றில் புகழ்பெற்ற இவ்வழக்கை நூல்கள் வெற்றிக்கதையாகவே சொல்கின்றன. ஆனால் அந்த அட்டை எப்படிக் கிடைத்தது? அம்மேலாளரின் புகாரால் முன்பு சிறை சென்று மீண்ட வேலையாள் ஒருவர்மீது சந்தேகம் ஏற்கெனவே இருந்தது. பெயர் தெரிந்ததால் அட்டை எடுக்கப்பட்டது. பெயர் தெரியாதிருந்தால்? ஒற்றை விரலைக் கொண்டு 5/27 போன்ற எண்ணைக் கணக்கிட வழியே இல்லை. எல்லா அடுக்கறைகளையும் திறக்க வேண்டியதுதான். ஒற்றை விரலுக்கெனத் தனி வகைப்பாடு வேண்டும் என்ற உணர்வு பின்னர் வலுத்தது. ஸ்காட்லாந்து யார்டில் ஹாரி பேட்லி 1930 அளவில் அதற்கெனத் தனிக் கோப்பையே உருவாக்கினார். ஒரே தரவு, இரண்டாவது கேள்விக்கு இரண்டாவது கோப்பு.

கசாண்ட்ரா கற்பவர் எவரும் இந்தச் சுவரில் முட்டியிருப்பார். பார்ட்டிஷன் கீ இல்லாமல் வேறொரு புலத்தைக் கொண்டு தேடினால் அத்தரவுத்தளம் மறுக்கும். மறுப்புச் செய்தியிலேயே, அல்லோ ஃபில்டரிங் என்ற தொடரைச் சேர்த்தால் இயங்கும் என்ற குறிப்பும் வரும். ஆய்வகங்களில் மாணவர் செய்வது என்ன? அத்தொடரை ஒட்டுகிறார், விடை வருகிறது, ஆசிரியர் கையெழுத்திடுகிறார். நூறு பதிவுகளில் அது இயங்கும். நூறு கோடிப் பதிவுகளில் அது 1024 அடுக்கறைகளையும் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்வதற்குச் சமம். தரவுத்தளம் மறுத்தது குறை அன்று. வடிவமைப்பு தவறு என்று எச்சரித்தது. எச்சரிக்கையை வாய்மூடச் செய்யும் வழியை ஆய்வகப் பயிற்சி என்று கற்பிக்கும் துறை, தன் மாணவருக்குத் தீங்கு செய்கிறது.

உறவுநிலைக் கோட்பாட்டை 1970-இல் எட்கர் காட் முன்வைத்ததன் நோக்கமே இந்தத் தளையிலிருந்து விடுபடுவதுதான். தரவு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அறியாமலே எக்கேள்வியையும் கேட்கலாம் என்பது அவர் அளித்த விடுதலை. நோஎஸ்க்யூஎல் அந்த விடுதலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு விரிவை வாங்குகிறது. இது ஒரு பேரம். பேரத்தில் என்ன கொடுக்கிறோம் என்பதைச் சொல்லாமல் பெறுவதை மட்டும் சொல்பவரை வணிகர் என்போம், ஆசிரியர் என்று சொல்ல மாட்டோம்.

சிஏபி முக்கோணத்துக்கு வருவோம். ஒருமைப்பாடு, கிடைப்புநிலை, பிளவுத் தாங்குதிறன் ஆகிய மூன்றில் இரண்டை மட்டுமே தேர்ந்தெடுக்கலாம் என்ற சூத்திரம் வினாத்தாள்களின் நிரந்தரக் குடிமகன். எரிக் புரூவர் 2000-இல் முன்வைத்த ஊகத்தை கில்பர்ட்டும் லின்ச்சும் 2002-இல் நிறுவினர். அதே புரூவர் 2012-இல், மூன்றில் இரண்டு என்ற வாசகம் தவறான புரிதலைத் தருகிறது என்று விரிவாக எழுதிவிட்டார். வலைப்பிளவு ஒருவர் தேர்ந்தெடுக்கும் பொருளன்று, அது நேரும். நேரும்போது மட்டுமே மற்ற இரண்டுக்குள் எதைக் கைவிடுவது என்ற கேள்வி எழுகிறது. திருத்தம் வந்து பத்தாண்டுக்கு மேலாகியும் முக்கோணம் கரும்பலகையை விட்டு இறங்கவில்லை.

இங்கேயும் கல்கத்தா கைகொடுக்கும், ஓரளவுக்கு. அடுக்கறைகள் இருந்தது ஓர் அறையில். நகல்களுக்கிடையே முரண் என்ற சிக்கல் அங்கே எழவில்லை. ஆனால் கைதி வேறு மாகாணத்துக்குப் போனால்? ஹேம் சந்திர போஸ் கைரேகைகளைத் தந்தியில் அனுப்பத்தக்க குறியீட்டு முறை ஒன்றை வகுத்து நூலாகவும் வெளியிட்டார். சுதந்திரத்துக்குப் பின் 1955-இல் மத்தியக் கைரேகை அலுவலகம் கல்கத்தாவிலேயே தொடங்கப்பட்டது. மாநில அலுவலகங்களின் பதிவுகளும் மையப் பதிவும் இரு இடங்களில் வாழும்போது, ஒன்றில் வந்த மாற்றம் மற்றொன்றை எப்போது அடையும், அதுவரை எது உண்மை என்ற வினா தானே பிறக்கிறது. 2022-இல் அறிமுகமான தேசியத் தானியங்கிக் கைரேகை அடையாள அமைப்பு கைதாகும் ஒவ்வொருவருக்கும் பத்திலக்க எண் ஒன்றைத் தருகிறது. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். இந்த எண்ணையே வரிசைமுறைப் பிரிப்புக்குச் சாவியாக்கினால் எந்த மாநிலத்தின் பிரிவு முதலில் நிரம்பும், அந்த எண்ணை ஹேஷ் செய்து பிரித்தால் எந்தக் கேள்வி கடினமாகும்? இப்படி ஒரு வினாவை எந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்வுத் தாளிலும் வைக்கலாம். மனப்பாடம் உதவாது.

டைனமோ கட்டுரையை மூலத்தில் படித்த மாணவர் எத்தனை பேர்? அக்கட்டுரை நேர்மையானது. பொருள்வாங்கும் கூடையில் ஒன்றைச் சேர்க்க வாடிக்கையாளர் முயலும்போது ஒருபோதும் மறுக்கக் கூடாது என்பதே தேவை. அதற்காக முரண்பட்ட நகல்களைப் பின்னர் இணைக்கிறார்கள். அப்படி இணைக்கும்போது நீக்கப்பட்ட பொருள் மீண்டும் கூடையில் தோன்றக்கூடும் என்று கட்டுரையே ஒப்புக்கொள்கிறது. கூடையில் அது சிறு தொல்லை. அதே வடிவமைப்பை நியாயவிலைக் கடையின் பேரேட்டுக்குக் கொண்டு வந்தால்? இம்மாதப் பொருள் வழங்கப்பட்டதாக ஒரு நகலும் வழங்கப்படவில்லை என மற்றொரு நகலும் சொல்லும் வேளையில், வரிசையில் நிற்கும் மூதாட்டிக்கு எந்த நகல் விடை சொல்லும்? இதைத் தீர்மானிக்கப் போகிறவர்கள் இன்று அல்லோ ஃபில்டரிங் ஒட்டிக் கையெழுத்து வாங்குபவர்கள்தாம். ஒருமைப்பாட்டு நிலை என்ற அளவுருவை அவர்கள் இயல்புநிலையில் அப்படியே விட்டுச் செல்வார்கள். அதன் பொருளை எவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

எல்லாத் தரவையும் வைத்துத்தான் ஆக வேண்டுமா என்ற கேள்வியும் அந்நகரத்துக்கே உரியது. 1931-இல் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம், 1930-களின் பிற்பகுதியில் தொடங்கி வங்காளத்தின் சணல் சாகுபடிப் பரப்பை மாதிரி ஆய்வுகளால் மதிப்பிட்டது. ஒவ்வொரு வயலையும் எண்ணாமல். ஒரே பகுதியை இரு தனிக் குழுக்கள் தனித்தனியே ஆய்ந்து, இரு விடைகளின் வேறுபாட்டைக் கொண்டு பிழையின் அளவை அறியும் முறையையும் அவர் புகுத்தினார். பெருந்தரவுப் பாடத்தில் மாதிரியெடுப்புக்கு ஒரு வகுப்புக்கூட ஒதுக்காதவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

மறுப்புரைகள் எழும். முதலாவது, தொழில்துறை கருவிகளைக் கேட்கிறது. வரலாறு வேலை வாங்கித் தராது. கருவிகளின் ஆயுளைப் பாருங்கள். மோங்கோடிபி இணைப்புகளையும் பல்லாவணப் பரிவர்த்தனையையும் தவிர்த்ததே அதன் இயல்பு என்று எழுதிய பாடக்குறிப்புகள், 2015-இல் வந்த லுக்அப் வசதியாலும் 2018-இல் வந்த நான்காம் பதிப்பின் பரிவர்த்தனைகளாலும் பழங்கதையாயின. கூகுளோ 2012-இல் வெளியிட்ட ஸ்பானர் கட்டுரையில், பரிவர்த்தனையைக் கைவிடாமலே உலகளாவிய விரிவைத் தேடியது. பொருளின் அம்சங்களைக் கற்றவர் ஒவ்வொரு பதிப்புக்கும் மீண்டும் தொடக்கநிலை மாணவராகிறார். சாவி, சமனின்மை, கேள்வி, முரண் ஆகியவற்றைக் கற்றவருக்கு அந்த நிலை வராது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. காகித அடுக்கறை வெறும் உவமை; கணினி வலையின் தோல்விகள், நேரத் தாமதம், நகலெடுப்பு ஆகியவை அதில் இல்லை என்பது. சரி. அவற்றுக்கு வேறு பாடங்கள் வேண்டும். மூன்று மலிவான கணினிகளை இணைத்து, ஒன்றின் கம்பியைப் பிடுங்கிவிட்டு என்ன நிகழ்கிறதென்று பார்க்கும் ஆய்வகம் வேண்டும். ஆனால் பிரிப்பு என்ற பாதிப் பாடத்துக்கு அடுக்கறை உவமை அன்று. அது அதே வழிமுறை, வேறு பொருளில் செய்யப்பட்டது.

மூன்றாவது எச்சரிக்கையை மறுப்பவர்கள் எழுப்புவதில்லை. இவ்வரலாற்றைக் கொண்டாடுபவர்கள்தாம் மறந்துவிடுகிறார்கள். அந்த அறை ஒரு காலனி அரசின் கண்காணிப்புக் கருவி. சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக அறிவித்த 1871-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்த நாட்டில், எவருடைய விரல்கள் அட்டையில் ஏறின என்பது நடுநிலையான கேள்வி அன்று. ஒரு தரவுத்தளம் யாருடைய கேள்விக்கு விரைவாக விடை சொல்லக் கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்டால், அதன் உரிமையாளர் யார் என்பது தெரிந்துவிடும். காவலரின் கேள்விக்கு நிமிடங்கள். என் பதிவு ஏன் இங்கே இருக்கிறது என்று அட்டைக்குரியவர் கேட்டால் அதற்குச் சாவியே இல்லை. வடிவமைப்பு வகுப்பில் இதற்கும் இடம் வேண்டும்.

உரிமைப் பெயர் குறித்தும் ஒரு சொல். 1900-இல் ஹென்றி தம் பெயரில் நூல் வெளியிட்டார். 1901-இல் ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. உலகம் அதை ஹென்றி முறை என்றே அழைத்தது. ஹக்கும் போஸும் பட்டங்களும் சிறு தொகையும் பெற, பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. தம் அலுவலர்களுள் அம்முறையைச் செம்மையாக்கியதில் ஹக்கின் பங்கே பெரிது என்று ஹென்றி எழுத்தில் ஒப்புக்கொண்டது 1926-இல். பின்னாளில் பிரித்தானியக் கைரேகைச் சங்கம் இருவர் பெயரிலும் பரிசு ஒன்றை ஏற்படுத்தியது. இந்தியத் தரவுத்தளப் பாடநூல் எதையாவது திறந்து, பெயரகராதியில் ஹக் என்று தேடிப் பார்க்கலாம்.

மாற்றத்துக்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு வகுப்பில் அறுபது மாணவர், மைத்தட்டு ஒன்று, தபால் அட்டை அளவில் அறுபது அட்டைகள், 32 கோடும் 32 கோடும் இட்ட ஒரு தரைப்படம். ஒவ்வொருவரும் விருப்பம் இருந்தால் மட்டும் பத்து விரல்களையும் பதித்து, சுழிகளை எண்ணி, தம் பின்னத்தைக் கணக்கிட்டு, அட்டையை உரிய கட்டத்தில் வைக்கட்டும். முதல் மணி நேர முடிவில் பெரும்பாலான கட்டங்கள் வெறுமையாகவும் 1/1 கட்டம் அடுக்காகவும் நிற்பதை எல்லாரும் காண்பர். அந்த அடுக்கை எப்படிப் பிரிப்பது என்று அவர்களையே கேட்கலாம். இரண்டாம் மணி நேரத்தில் ஆசிரியர் பெயரில்லாத ஒரு தாளை நீட்டட்டும்: அதில் ஒரே ஒரு விரலின் பதிவு, எந்தக் கையினது என்ற குறிப்பும் இல்லாமல். யாருடையது என்று கண்டுபிடிக்க எத்தனை அட்டைகளைத் திறந்தார்கள் என்பதைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லலாம். வகுப்பு கலையும் முன் அட்டைகளை அவரவரிடமே திருப்பித் தந்துவிட வேண்டும். மோங்கோடிபியை மறுநாள் நிறுவிக்கொள்ளலாம்.